பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்

லிஃப்ட்காரர் ஆஸ்பத்திரிப் பையை மூன்றாவது தடவையாகச் சமையலறைத் தரையில் கொட்டினார். சீப்பு, பல் பிரஷ், கசங்கிய நைட்டி இரண்டு, அடியில் கொஞ்சம் மிச்சமிருந்த பவுடர் டப்பா, ஃபிளாஸ்க், மூக்குக்கண்ணாடிக் கூடு. கூட்டைத் திறந்துகூடப் பார்த்தார், அதற்குள் ஒரு புத்தகம் இருக்க வழியில்லை என்று தெரிந்தும். கண்ணாடிதான் இருந்தது.

அவர் மனைவி படுக்கையறையில், அவர்கள் இருவரும் படுக்கும் கட்டிலில், கழுத்துவரை வெள்ளைப் போர்வையோடு கிடந்தாள். காலை ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். பத்து மணிக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நாலு மணிக்கு மறுபடி வண்டி வரும். இப்போது மணி ஒன்று இருபது. இந்தக் கணக்கெல்லாம் அவர் தலைக்குள் தெளிவாக இருந்தது. மற்றபடி தலை காலியாக இருந்தது. காலையிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை, அழுகை வராதது அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

மகள் காலி டம்ளர் தட்டோடு உள்ளே வந்தாள். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறவள். அழுது முகம் வீங்கியிருந்தபோதும் யார் வந்தார்கள், யார் இன்னும் வரவில்லை என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது.

"என்னப்பா தேடுறீங்க? காலைலேர்ந்து இந்தப் பையக் கொட்டிக் கொட்டி அள்ளுறீங்க."

"புத்தகம்."

"எந்தப் புத்தகம்?"

"அம்மாவோடது. பச்சத் துணி அட்ட போட்டது."

"அந்தப் பிரார்த்தனப் புத்தகமா? அம்மா கடையில வேல பாக்குற அக்காங்க வந்தாங்கல்ல, அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்களோடதுதான்மான்னாங்க. நானும் சரின்னுட்டேன்." அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏம்ப்பா, வேணுமா? வேற ஏதாச்சும் புத்தகம் எடுத்துத் தரட்டுமா?"

அவர் கொட்டியதையெல்லாம் திரும்ப அள்ளிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார். எழுந்து, கொக்கியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டார்.

"எங்கப்பா?"

"இப்ப வந்துடறேன்."

வெளியே போக வேண்டுமானால் படுக்கையறை வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே கட்டிலின் வலப்பக்கம் அவர் மனைவியின் அக்கா உட்கார்ந்திருந்தார். பெண்கள் விடுதி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எல்லோருக்கும் வார்டனம்மாதான். பத்து மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் தண்ணீர் குடிக்கக்கூட எழவில்லை. யார் வந்து யார் போகிறார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க, தம்பி?"

"கடை வரைக்கும், அண்ணி."

"இவள இப்பிடிப் போட்டுட்டு உங்களுக்கு இப்பக் கடையா?"

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டார். வாசலில் நாற்காலி விரித்துக்கொண்டிருந்த பழைய சகாவும் எழுந்து வந்தார். ஆறடி உயரம், உயரத்துக்குத் தகுந்த குரல். லிஃப்ட் கம்பெனியில் அவருக்குப் பெயர் பெரிய ஸ்பேனர்.

"என்ன வேணும் சொல்லு. நான் போய் வாங்கிட்டு வரேன்."

"நீ கேட்டாத் தரமாட்டாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

வெயில் சரியாகத் தலைக்கு மேலே நின்றது. இரண்டு தெரு தள்ளி, பெரிய ரோட்டில் திரும்பினால் அவள் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த திரைச்சீலைக் கடை. எதிரே வந்த இஸ்திரிக்காரர் இவரைப் பார்த்ததும் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். அது தனக்கான மரியாதை என்பது நாலு கடை தாண்டிய பிறகுதான் லிஃப்ட்காரருக்கு உறைத்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, துணிமணியோடு அந்தப் புத்தகமும் வந்தது. கடையில் மிஞ்சிய திரைத்துணியில் அழகாக உறை தைத்துப் போட்டிருந்தார்கள். உள்ளே முதல் பத்துப் பக்கம் கிடையாது. ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஒரு சுல்தானின் அந்தப்புரத்தில் நடக்கிற கதை. முந்நூறு பெண்கள். அதில் கடலில் பிடிபட்டுக் கொண்டுவரப்பட்ட ஒருத்தியை ஒரே ஒரு நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு சுல்தான் மறந்தே போகிறான். அவள் மாடத்தின் நீரூற்று பழுதாகிறது. அதைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஒருவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வருகிறார்கள். அந்தப்புரத்தில் அந்நிய ஆண் எதையும் பார்க்கக் கூடாது என்பது சட்டம். தடவித் தடவித்தான் வேலை செய்ய வேண்டும்.

அறுபது பக்கம் அவளே படித்தாள். பிறகு மருந்தின் வேகத்தில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்களேன்" என்று நீட்டினாள். அவர் வாழ்க்கையில் கதைப்புத்தகம் தொட்டதில்லை. ஆனால் சத்தமாக வாசிப்பது அவருக்குத் தொழில். லிஃப்ட் வேலையில் இரண்டு பேர். ஒருவர் மேலே மோட்டார் அறையில் கையேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகச் சத்தமாக வாசிக்க வேண்டும். மற்றவர் கூண்டின் தலையில் நின்று அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். முப்பத்தாறு வருடம் அப்படி வாசித்த வாய். காதல் கதையையும் அவர் அதே மாதிரிதான் வாசித்தார்.

"அவள். திரையை. விலக்கினாள்" என்று அவர் வாசித்ததும் மனைவிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்தாள்.

கதையில் எங்கே பார்த்தாலும் திரை. பட்டுத்திரை காற்றில் அலைபாய்ந்தது, மெல்லிய திரைக்குப் பின்னால் நிழல் அசைந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டே குற்றம் கண்டுபிடிப்பாள். "லைனிங் இல்லாம எவன் பட்டுத் தொங்க விடுவான்? ஒரு வெயில் காலம் தாங்காது." அவரும் சும்மா இருக்க மாட்டார். "கண்ணக் கட்டிக்கிட்டு எவனாலயும் வால்வு மாத்த முடியாது" என்பார்.

"நீங்க இருட்டுல பிரேக் மாத்தலையா?"

"அது வேற."

அறுபத்தெட்டாம் பக்கத்தில் சங்கடம் வந்தது. அவர் கண் எப்போதும் வாய்க்கு இரண்டு வரி முன்னால் ஓடும், அதுவும் தொழில் பழக்கம்தான். அடுத்த பத்தியில் ஆடை நழுவப் போவது தெரிந்துவிட்டது. பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப்போட்ட ஒரு அம்மா. அவருக்குத் துணையாக ஒரு மகன். இருவரும் சாத்துக்குடி உரித்தபடி காதை இந்தப் பக்கம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். "பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்" என்று வாசித்து, நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினார்.

மனைவி ஒரு கண்ணைத் திறந்தாள். "என்ன பேசினாங்க?"

"பொதுவா."

அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் அவருக்கு மனசு உறுத்தியது. கையேட்டில் ஒரு படியை விட்டுவிட்டுப் போக நேர்ந்தால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட வேலை பாக்கி என்று அர்த்தம். விட்டது பெரிய குற்றமில்லை, வட்டம் போடாமல் விட்டதுதான் குற்றம். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து அறுபத்தெட்டாம் பக்கத்து ஓரத்தில் ஒரு வட்டம் போட்டார். அந்த மூன்று வாரத்தில் அப்படிப் பதினோரு வட்டம் விழுந்தது.

நேற்று மத்தியானம் அவள் கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அவர் கையை இழுத்து மூக்கருகில் வைத்துக்கொண்டு, "இப்பல்லாம் உங்க கையில வாசனையே இல்ல" என்றாள்.

"ரிட்டயராகி ரெண்டு வருஷம் ஆச்சே" என்றார் அவர், பாராட்டு என்று நினைத்து.

கொஞ்ச நேரம் கழித்து அவள், "விட்டதெல்லாம் ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க" என்றாள். "எல்லாத்தையும். முழுசா."

அவருக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்துக் கட்டிலை ஜாடை காட்டினார். "வீட்டுக்குப் போனதும் படிக்கிறேன்."

"நெசமா?"

"நெசமாத்தான்."

இன்று காலை ஆறு மணிக்கு வெந்நீர் பிடிக்க ஃபிளாஸ்க்கோடு கீழே போனார். திரும்பும்போது மூன்றாவது மாடியில் லிஃப்ட் ஒரு முனகல் முனகியது. கூண்டு ஏறி இறங்குகிற இரும்பு ரெயிலில் எண்ணெய் காய்ந்த சத்தம். அவருக்குச் சந்தேகம். நிச்சயப்படுத்திக்கொள்ள மறுபடியும் கீழே போய், மறுபடியும் மேலே வந்தார். எண்ணெய் காய்ந்த சத்தமேதான். வார்டுக்குள் நுழைந்தபோது நர்ஸ் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். இதை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப் போவதுமில்லை.

திரைச்சீலைக் கடையின் பின்கட்டில் நீள மேஜை. மேஜை நிறையச் சாம்பல் நிறத் துணி விரிந்து கிடந்தது. நாலு பெண்களும் வேலை செய்யாமல் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்ட்காரரைக் கண்டதும் எல்லோரும் ஒன்றாக எழுந்தார்கள். மூத்தவள் மட்டும் முன்னால் வந்தாள். துணி வெட்டுகிறவள். மனைவி வீட்டில் எப்போது பேச்செடுத்தாலும் 'எங்க கத்திரி' என்றுதான் சொல்லுவாள். நேற்று முன்தினம்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனவள்.

"நீங்க எதுக்கு அண்ணே வந்தீங்க? நாங்க மூணு மணிக்கு வரதாத்தான் இருந்தோம்."

"புத்தகம் வேணும்."

கத்திரி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தி தரையைப் பார்த்தாள். இன்னொருத்தி ஊசிகளை டப்பாவில் போட ஆரம்பித்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க, அண்ணே. அது பையில மேலாக்க இருந்துச்சு. உங்க பொண்ணு பிரிச்சுப் பாத்திருந்தா? உங்க அண்ணி வேற அங்கதான் உக்காந்திருக்காங்க. அவ மானத்தக் காப்பாத்தணும்னுதான் எடுத்துட்டு வந்தோம். செத்தப்புறம் யாரும் அவள ஒரு வார்த்த பேசிடக் கூடாது பாருங்க."

"சரிதான். எனக்கு வேணும்."

"அது... என்ன புத்தகம்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நான்தானே படிச்சுக் காட்டினேன்."

கத்திரியின் முகத்தில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. அவள் புடவைத் தலைப்பால் வாயை அழுத்திக்கொண்டாள். பிறகு அழுதாள். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே தொடங்கியது என்று பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் தெரியவில்லை.

"சொன்னா அண்ணே. முந்தாநேத்து வந்தப்ப சொன்னா. எங்க வீட்டுக்காரர் படிக்கிறாருடி, ரெண்டு பேரும் பதினோரு தடவ பேசிட்டாங்கடின்னு. மூச்சு வாங்குது, அப்பவும் அவளுக்குச் சிரிப்பு அடங்கல. இப்பிடியே பேசிட்டிருந்தா அவ எப்படிடி மாசமானான்னு அவர் கேக்கவே இல்லடின்னு."

கதையில் அந்தப் பெண் கர்ப்பமானது லிஃப்ட்காரருக்கு ஞாபகம் வந்தது. நூற்றுத் தொண்ணூறாம் பக்கம். சுல்தானின் குழந்தை என்றே நினைத்துக்கொண்டு அவர் வாசித்திருந்தார்.

"இந்தக் கதைய நாங்க அஞ்சு பேரும் எப்பவோ படிச்சாச்சு. எங்களுக்கெல்லாம் சுல்தானத்தான் புடிச்சுது. நகை, குதிரை, மீசை. அவளுக்கு மட்டும் அந்தக் குழாய்க்காரன். என்னடி இவனப் போயின்னு கேப்போம். உங்களுக்கெல்லாம் தெரியாதுடின்னு சொல்லிட்டுப் போயிருவா." கத்திரி மேஜைக்கு அடியில் கையை விட்டு, சுருட்டி வைத்த துணிகளுக்கு நடுவிலிருந்து பச்சை அட்டைப் புத்தகத்தை எடுத்தாள். "வச்சுக்குங்க. திருப்பித் தர வேணாம்."

அவர் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வாசல்வரை வந்தவள், "அண்ணே, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டேனா என்று அவர் யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது இரண்டரை. வாசலில் ஆட்கள் கூடியிருந்தார்கள். பெரிய ஸ்பேனர் யாரிடமோ, "அவன் கொஞ்சம் அதிர்ச்சியில இருக்கான்" என்று ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தது தெருக்கோடிவரை கேட்டது. லிஃப்ட்காரர் நேரே படுக்கையறைக்குப் போனார். உள்ளே ஏழெட்டுப் பேர். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. லிஃப்டில் அதிக எடை ஏறிவிட்டால் சொல்வது போலத்தான் சொல்ல வந்தது.

"கொஞ்சம் எல்லாரும் வெளிய இருங்க."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியே போனார்கள். மகள் கடைசியாகப் போனாள். போகும்போது அவர் சட்டைக்குள் செவ்வகமாகத் துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள். "அப்பா பிரார்த்தன பண்ணப் போறாரு. யாரும் சத்தம் போடாதீங்க" என்று வெளியே அவள் குரல் கேட்டது. அதோடு வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. வீடு அவ்வளவு அமைதியானது அவருக்கு உதவியாக இல்லை. முணுமுணுத்தால்கூட வெளியே கேட்கும் போலிருந்தது.

வார்டனம்மா எழுந்திருக்கவில்லை.

"அண்ணி, நீங்களும் கொஞ்சம்..."

"நான் எங்க போவேன்? என் தங்கச்சி இவ. நாலு மணி வரைக்கும் நான் இந்த எடத்த விட்டு நகர மாட்டேன். நீங்க பாட்டுக்குப் பண்ணுங்க, நான் ஒண்ணும் தடுக்கல."

இதற்கு மேல் அவரிடம் யாரும் பேச முடியாது. இருபத்தெட்டு வருடத்தில் விடுதி மெத்தைகளுக்கு அடியிலிருந்து எத்தனையோ புத்தகங்களைப் பிடுங்கியவர். பாடப்புத்தக அட்டைக்குள் கதைப்புத்தகம் இருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும் என்று பெருமையாகச் சொல்லுவார். ஒரு தடவை விருந்துச் சாப்பாட்டின்போது, அந்த மாதிரிப் புத்தகம் படிக்கிறதுகளோட முழியே காட்டிக் குடுத்துடும் என்று சொன்னார். அப்போது இதே மனைவி தலையைக் குனிந்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது லிஃப்ட்காரர் கண்முன் வந்தது. அப்போது அவருக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.

கட்டிலின் இடப்பக்கம் இன்னொரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தார். மணி இரண்டு முப்பத்தெட்டு. பதினோரு வட்டத்துக்கும் சேர்த்து நாற்பது பக்கம் வரும். நேரம் போதும், இப்போதே தொடங்கினால். வெளியே போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இவள் படிக்கச் சொல்லிக் கேட்டாளா இல்லையா என்று யாருக்குத் தெரியப் போகிறது? கேட்டது இவளுக்கும் தனக்கும் மட்டும்தான் தெரியும். இவள் இனிமேல் சொல்லப் போவதில்லை.

அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரோ தலையை நடுவகிடு எடுத்து வாரியிருந்தார்கள். அவள் பக்கவகிடுதான் எடுப்பாள்.

புத்தகத்தைப் பிரித்து அறுபத்தெட்டாம் பக்கத்தை எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

"அவன் கண்கள் கட்டப்பட்டிருந்தன" என்று வாசித்தார். குரல் எழவில்லை. மறுபடி ஆரம்பித்தார். "அவன் கண்கள் கட்டப்பட்டிருந்தன. அவள் மூச்சு தன் அருகில் வந்ததை அவன் உணர்ந்தான். எழுந்து விலகப் பார்த்தான். அவள் அவன் கையைப் பற்றினாள். வேண்டாம் சீமாட்டி, என் கையெல்லாம் எண்ணெயும் கரியும், உங்கள் பட்டு பாழாகிவிடும் என்றான் அவன்."

வார்டனம்மா தலையை நிமிர்த்தியது ஓரக்கண்ணில் தெரிந்தது. லிஃப்ட்காரர் விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினார்.

"அவள் அந்தக் கையை விடவில்லை. முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். இந்த அரண்மனையில் அத்தர் மணக்காத கை இது ஒன்றுதான் என்றாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தன் கழுத்தில்..."

அவர் நிறுத்தினார்.

முப்பத்தாறு வருடமும் வேலை முடிந்து வந்ததும் பின்பக்கக் குழாயடிக்குத்தான் போவார். சோப்புத்தூள், தேங்காய் நார், கடைசியில் எலுமிச்சைத் தோல். நகக்கண்ணில் கறுப்பு போகும்வரை தேய்ப்பார். அதற்குள் அவள் எதற்காவது கிட்டே வந்தால், தள்ளு தள்ளு, கைய கழுவிட்டு வரேன் என்பார். கழுவிவிட்டு வரும்போது அவள் வேறு வேலையில் இருப்பாள். துண்டை எடுத்துக் கொடுத்தபடியே, இவ்வளவு தேய்க்கணுமா என்று எப்போதாவது கேட்பாள். பின்னே, என்பார் அவர். அவளுக்காகத்தான் தேய்த்தார். அவளுக்குப் பிடிக்காது என்று அவராக நினைத்துக்கொண்டார். ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, விரலை வைத்த இடத்திலேயே தொடர்ந்தார்.

"தன் கழுத்தில் வைத்தாள். அந்தக் கை அங்கிருந்து கீழே இறங்கியபோது அவள் தடுக்கவில்லை. மேலாடையின் முடிச்சை அவன் பார்க்காமலேயே அவிழ்த்தான். அவள்..."

வார்டனம்மா எழுந்தார்.

நாற்காலி தரையில் இழுபட்ட சத்தம் பெரிதாகக் கேட்டது. லிஃப்ட்காரர் புத்தகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க இவருக்குத் தைரியமில்லை. வார்டனம்மா கட்டிலைச் சுற்றிக் கதவை நோக்கி நடந்தார். அந்த நடை எல்லோருக்கும் தெரிந்த நடை. இப்போது கதவைத் திறப்பார். மகளைக் கூப்பிடுவார், பெரிய ஸ்பேனரைக் கூப்பிடுவார். இத்தனை பேர் முன்னால் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பிரித்துக் காட்டுவார். அவள் மானத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கத்திரி சொன்னாள். அதை இவரே நடுவீட்டில் போட்டு உடைத்தாகிவிட்டது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது. குரல் கொஞ்சம் கூடியிருந்தது.

"அவள் பெருமூச்சு விட்டாள். கண்கட்டை அவிழ்க்காதே என்றாள். உன் கைகளே என்னைப் பார்க்கட்டும் என்றாள்."

கதவருகே தாழ்ப்பாள் ஏறுகிற சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தார். வார்டனம்மா தாழ்ப்பாளை மேலே தள்ளி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் கோபமோ வேறு எதுவோ கண்டுபிடிக்க முடியவில்லை. தன் நாற்காலிக்கு வந்தார். உட்காராமல் அதைக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்த்திப் போட்டார்.

"அந்தப் பக்கம் உக்காந்து படிச்சா அவளுக்கு எப்பிடிக் கேக்கும்?" என்றார். "சின்ன வயசுலேர்ந்து எடது காது கேக்காதுல்ல அவளுக்கு. இப்பிடி வாங்க."

அவருக்கும் தெரிந்த விஷயம்தான். வீட்டில் படுப்பது, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தது எல்லாமே அவளுக்கு வலப்பக்கம்தான். இன்றைக்கு மறந்துவிட்டது. அவர் எழுந்து, ஒரு கையில் புத்தகமும் ஒரு கையில் நாற்காலியுமாகக் கட்டிலைச் சுற்றி வந்தார். வார்டனம்மா போர்வையின் மடிப்பை நீவிவிட்டு, தங்கையின் காதை மூடியிருந்த முடியை விரலால் ஒதுக்கினார். லிஃப்ட்காரர் நாற்காலியை நெருக்கமாகப் போட்டு உட்கார்ந்து, அறுபத்தெட்டாம் பக்கத்தின் முதல் வரியிலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.